ட்ரெயில்ஸுக்கென்று ஒரு பிஎம்எக்ஸ் பிராண்டு: தொடங்கும் முன் என் கணக்கைப் பாருங்கள்

இங்கே அமெரிக்காவில் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் சமீபமாக என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அங்கிள், நாங்களும் சின்னதா ஒரு பிஎம்எக்ஸ் பிராண்டு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், எவ்வளவு செலவாகும்?" ஒவ்வொருவரிடமும் போனில் பேசி முடிப்பதற்குள் பாதி விஷயம் விட்டுப்போகிறது. நான் ஆரம்பித்தபோது இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. தெரிந்தவர்கள் "அருமையான ஐடியா" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். அதனால் நடந்ததை வரிசையாக, காசு எங்கே போனது என்பதோடு சேர்த்து எழுதிவிடுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிராண்டின் பெயரை எழுதப்போவதில்லை, இதை விளம்பரமாக்க எனக்கு விருப்பமில்லை.

ட்ரெயில்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். 20 இன்ச் சக்கர பிஎம்எக்ஸ் சைக்கிளில் பல வகை ஓட்டம் உண்டு. ரேஸ் இருக்கிறது, அது 2008 பெய்ஜிங்கிலிருந்து ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி என்று ஊருக்குள் ஓட்டும் ஸ்ட்ரீட் இருக்கிறது, ஸ்கேட்பார்க் இருக்கிறது. ட்ரெயில்ஸ் தனி உலகம். காட்டுக்குள் மரங்களுக்கு நடுவே கையாலேயே மண்ணை வெட்டிக் குவித்து, தண்ணீர் விட்டு, மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டிக் கட்டிய மேடுகள். ஏறிப் பறக்கும் மேடு லிப், இறங்கும் மேடு லேண்டிங், வளைவில் சாய்ந்து திரும்பும் மண்சுவர் பெர்ம். நன்றாகக் கட்டிய வரிசையில் பெடலே மிதிக்காமல் ஒரு மேட்டிலிருந்து அடுத்ததற்கு வேகத்தைக் கடத்திக்கொண்டே போகலாம். நான் இருக்கும் பென்சில்வேனியாவின் லீஹை பள்ளத்தாக்கு இதற்குப் பெயர்போன பகுதி, பெத்லஹெமின் பாஷ் ட்ரெயில்ஸை உலகம் முழுக்க பிஎம்எக்ஸ்காரர்களுக்குத் தெரியும். தோண்டாதவர் ஓட்டக்கூடாது என்பதுதான் இங்கே சட்டம். 2004ல் கோயம்புத்தூரிலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க வந்தவனை லேபில் கூட இருந்த ஒருவன் காட்டுக்குள் கூட்டிப்போனான். முதல் சீசன் முழுக்க என் கையில் மண்வெட்டிதான் இருந்தது. மார்ச்சில் பனி உருகியதும் தார்ப்பாயை விலக்கி, குளிர்காலத்தில் விரிசல்விட்ட லிப்பைச் சுரண்டி எடுத்து, ஈரக் களிமண்ணை அப்பித் தட்டும்போது, சரியான ஈரத்தில் இருந்தால் 'தப் தப்' என்று கெட்டியாக ஒரு சத்தம் வரும், தண்ணீர் கூடிவிட்டால் 'சளக்' என்று கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே வேலை நடக்கும். இருபது வருஷமாக என் வாழ்க்கையில் மனதுக்கு நெருக்கமான இடம் அதுதான்.

பிராண்டு எண்ணம் வந்ததற்குக் காரணம் ஃபிரேம். 2010களின் கடைசியில் கடையில் கிடைத்த ஃபிரேம்களில் பெரும்பாலானவை ஸ்ட்ரீட்டுக்கானவை. பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையுள்ள நீளம் 13 இன்ச்சை ஒட்டி, முன்பக்க ஹெட் ஆங்கிள் (முன்ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம்) 75, 75.5 டிகிரி. இடத்திலேயே சட்டென்று சுழற்ற அது வசதி. காட்டில் வேகமாக வந்து செங்குத்தான லிப்பில் ஏறும்போது அந்தச் சைக்கிள் பதறும். எங்களுக்கு வேண்டியது பின்பக்கம் 14 இன்ச்சை ஒட்டிய நீளம், ஹெட் ஆங்கிள் 74 அல்லது 74.5, 2.4 இன்ச் டயர் உரசாமல் சுற்ற இடம், பின் பிரேக்குக்கு ஒழுங்கான மவுண்ட். அப்படிப்பட்டவை இல்லாமல் இல்லை, ஆனால் தேடவேண்டியிருந்தது. ஓட்டுகிறவர்களே கம்பெனி தொடங்குவதும் இந்த உலகத்தில் புதிதல்ல. எஸ் அண்ட் எம் 1987ல் கலிஃபோர்னியாவில் அப்படித்தான் பிறந்தது. எஃப்பிஎம் 1993ல், ஆஸ்டினில் ஜோ ரிச்சும் டாஜ் மிஹெலிச்சும் தொடங்கிய டெரிபிள் ஒன் 1998ல். அவர்களால் முடிந்தது என்றால் ட்ரெயில்ஸுக்கு மட்டுமே என்று ஒன்று ஏன் இருக்கக்கூடாது என்று தோன்றியது. அந்த எண்ணம் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நம்மவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எச்-1பி விசாவில் இருக்கிறவர் எந்தக் கம்பெனி மனுப் போட்டதோ அந்த வேலையைத்தான் செய்யலாம். சொந்தக் கம்பெனியில் பங்கு வைத்துக்கொள்வது ஒன்று, ராத்திரி உட்கார்ந்து ஆர்டர் பேக் செய்வதும் பில் போடுவதும் வேறொன்று, இரண்டாவதை அனுமதியில்லாத வேலையாகப் பார்ப்பார்கள். "சும்மா பொழுதுபோக்குதானே" என்று நினைத்து கிரீன் கார்டு வரிசையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இந்தியர்களுக்கான இபி-2 வரிசையில் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்து 2018ல்தான் கார்டு வந்தது, அதன் பிறகே பென்சில்வேனியாவில் எல்எல்சி என்ற வகையில் கம்பெனியைப் பதிவு செய்தேன். அதற்கு 125 டாலர்தான், மொத்தக் கதையிலேயே மலிவான செலவு அது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏங்கண்ணு, இருக்கற வேலை பத்தாதா? சைக்கிளுக்கெல்லாம் ஒரு கம்பெனியா?" என்றார். மனைவி எதிர்க்கவில்லை, ஒன்றே ஒன்று கேட்டாள்: "எவ்வளவு போனா நிறுத்துவீங்கன்னு இப்பவே ஒரு நம்பர் சொல்லுங்க." 25,000 டாலர் என்றேன். அந்த நம்பரை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். தொடங்குகிற எல்லோரும் இதைச் செய்யுங்கள். நடுவில் மனசு சொல்லும் நம்பர் எப்போதும் இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

முதல் அடி பெயரில் விழுந்தது. வர்த்தக முத்திரைப் பதிவேட்டில் தேடினோம், சைக்கிளுக்கான 12ஆம் வகுப்பிலும் துணிக்கான 25ஆம் வகுப்பிலும் அந்தப் பெயர் யாரிடமும் இல்லை. விண்ணப்பித்தோம், பின் டிராப்-அவுட்டில் (பின்சக்கர அச்சு உட்காரும் உலோகத் தகடு) பெயர் வரும்படி வடிவம் போட்டு, ஸ்டிக்கர் அடித்தோம். சில மாதம் கழித்து வேறொரு மாநிலத்திலிருந்து வக்கீல் கடிதம். கையால் சக்கரம் கட்டி விற்கும் ஒருவர் அதே பெயரில் பல வருஷமாக வியாபாரம் செய்கிறாராம், பதிவு மட்டும் செய்யவில்லை. இந்த நாட்டில் முத்திரை உரிமை முதலில் பயன்படுத்தியவருக்குத்தான், பதிவு அதற்குப் பிறகு. சண்டை போட்டிருக்கலாம், ஆனால் வக்கீலுக்கு மணிக்கு 300 டாலர் கொடுத்துப் போடுகிற சண்டையில் சின்னவர்கள் இரண்டு பேருமே தோற்பார்கள். பெயரை மாற்றினோம். டூலிங் (அந்தத் தகட்டுக்கான அச்சு), ஸ்டிக்கர், விண்ணப்பம், வக்கீல் எல்லாம் சேர்த்து 2,400 டாலர் போனது. அதனால் பதிவேட்டோடு நிற்காதீர்கள். இன்ஸ்டாகிராம், சிறிய ஆன்லைன் கடைகள், ரேஸ் டீம்களின் சட்டைகள், பழைய மாதப் பத்திரிகை விளம்பரங்கள் வரை தேடுங்கள். பெயரை இரும்பில் வெட்டுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டிக்கரை ஒரே ராத்திரியில் மாற்றலாம், டிராப்-அவுட்டை மாற்ற முடியாது. 2025 ஜனவரியிலிருந்து விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 350 டாலர், இரண்டு வகுப்பென்றால் இரட்டிப்பு. விண்ணப்பித்த கொஞ்ச நாளில் அரசுக் கடிதம் மாதிரியே முத்திரையெல்லாம் போட்டு "உடனே 900 டாலர் கட்டவும்" என்று தபால் வரும், அவை ஏமாற்றுக் கடிதங்கள், கிழித்துப் போடுங்கள்.

ஃபிரேம் செய்ய தைவான் போனோம். போனோம் என்றால் ஈமெயிலில்தான். தைச்சுங்கைச் சுற்றித்தான் சைக்கிள் தொழிலே குவிந்து கிடக்கிறது, 4130 குரோமோலி எஃகை மெலிசாக வெல்ட் செய்யத் தெரிந்த கைகள் அங்கே அதிகம். குறைந்தபட்ச ஆர்டர் 100 ஃபிரேம், ஒன்று 148 டாலர், ஆர்டர் போடும்போது 30 சதவீதம், கப்பலில் ஏற்றும் முன் மிச்சம் 70. இரண்டு சாம்பிள் ஃபிரேம் வரவழைத்துக் காட்டில் ஒரு சீசன் ஓட்டினோம், இரண்டாவது சாம்பிள் கைக்கு வந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை, அவ்வளவு பிடித்திருந்தது. அதற்குள் 2020 வந்துவிட்டது. கொரோனாவில் ஊரே சைக்கிள் வாங்கியது, கடைகளில் ட்யூப்கூடக் கிடைக்கவில்லை, ஃபாக்டரிகளில் பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆர்டர் குவித்தன. 2020 கடைசியில் நாங்கள் முன்பணம் 4,440 டாலர் கட்டினோம், நான்கு மாதத்தில் வரும் என்றார்கள். ஒரு வருஷம் தாண்டியும் வரவில்லை. 100 ஃபிரேம்காரனை வரிசையில் பின்னால் தள்ளுவது யாருக்கும் சுலபம். நடுவில் எஃகுக் குழாய் விலை ஏறிவிட்டது என்று ஃபிரேமுக்கு 11 டாலர் கூட்டினார்கள். ஒப்பந்தத்தில் விலையைப் பூட்டும் வரி இருந்தது, ஆனால் 'மூலப்பொருள் நீங்கலாக' என்றும் இருந்தது. அந்த மாதங்களில் நான் பட்ட எரிச்சலை என் வீட்டில் இருந்தவர்கள்தான் தாங்கினார்கள். ராத்திரி பதினொன்றுக்கு தைவானில் பகல், அதனால் தினமும் அந்த நேரத்துக்கு ஈமெயிலைத் திறந்து பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடப்பேன்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். சின்ன பிராண்டின் முதல் எதிரி போட்டிக் கம்பெனி கிடையாது, முடங்கிக் கிடக்கும் பணம். உங்கள் காசு உங்களை விட்டுப் போன தேதிக்கும் முதல் ஃபிரேம் விற்ற தேதிக்கும் நடுவில் எத்தனை மாதம் என்று எழுதிப் பாருங்கள், பிறகு அதை இரட்டிப்பாக்குங்கள், அவ்வளவு காலம் அந்தப் பணம் இல்லாமல் குடும்பம் நடக்குமா என்று பாருங்கள். கடன் வாங்கி இதைச் செய்யவே செய்யாதீர்கள். நான் சேமிப்பில் செய்ததால்தான் இன்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்பதிவு வாங்கிக்கொண்டு ஓட்டலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். முன்பணம் வாங்கினால் சொன்ன தேதிக்குள் அனுப்பவேண்டும், தேதி சொல்லாவிட்டால் 30 நாளுக்குள். முடியாவிட்டால் வாங்கியவரிடம் சம்மதம் கேட்க வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி. தேதி என் கையில் இல்லாதபோது நான் அதைத் தொடவில்லை.

ஒருவழியாக 2022 கோடையில் சரக்கு கிளம்பியது. கப்பல் விஷயத்தில் ஒரு படிவத்தை மறக்கவே கூடாது: சரக்கு அங்கே கப்பலில் ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்னாலேயே இறக்குமதியாளர் பாதுகாப்புத் தகவலை இங்கே சுங்கத்துறைக்குத் தாக்கல் செய்யவேண்டும், தவறினால் ஒரு தவறுக்கு 5,000 டாலர் வரை அபராதம். சுங்க புரோக்கர் வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காசை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். 2020ல் சுமார் 700 டாலர் என்று சொன்ன கப்பல் கூலி எங்களுக்கு 2,600 ஆனது. புரோக்கர், பாண்டு (சுங்கத்துறைக்கான உத்தரவாதப் பத்திரம்), வரி, துறைமுகத்திலிருந்து லாரி எல்லாம் சேர்த்து இன்னொரு 1,300. 148 டாலர் ஃபிரேம் என் கராஜுக்கு வந்து சேரும்போது 198 டாலர்.

முதல் பெட்டியைத் திறந்து முதல் ஃபிரேமை எடுத்து, பெடல் அச்சு சுழலும் குழாயான பிபி ஷெல்லில் பேரிங்கை வைத்தேன், இறங்கவில்லை. மிட் பிபி என்பது 41 மில்லிமீட்டர் சொச்சம் உள்விட்டமுள்ள குழாய், பேரிங்கை நேராக அழுத்தி உட்காரவைக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் ஷெல் லேசாக நீள்வட்டமாகியிருந்தது, கண்ணுக்குத் தெரியாது, கேலிப்பரை வைத்துத் திருப்பினால் ஒரு பக்கம் மில்லிமீட்டரில் நூறில் பதினைந்து பங்கு குறையும். முன்ஃபோர்க் நுழையும் குழாயான ஹெட் ட்யூபில் பேரிங் உட்காரும் சாய்வான விளிம்பில் பவுடர் கோட் படிந்து திட்டுத்திட்டாக இருந்தது. அடுத்த ஃபிரேமும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. சாம்பிளில் இல்லாத குறை. தைவானில் 2022 அக்டோபர் 13 வரை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டாயத் தனிமை இருந்தது, நேரில் போய்ப் பார்க்க வழியே இருக்கவில்லை. அன்றைக்குப் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அழுதேன், சொல்ல வெட்கமில்லை. பிறகு அட்ஜஸ்டபிள் ரீமர் (துளையின் உள்பக்கத்தைச் சீவும் கருவி) ஒன்று வாங்கி, வேலை முடிந்து வந்து தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு கராஜில் நின்று, ஒவ்வொரு ஷெல்லையும் எண்ணெய் விட்டுத் திருகித் திருகிச் சீவினேன், இரும்புத்தூள் நகக்கண்ணில் ஏறி வாரக்கணக்கில் போகவில்லை. இலையுதிர்காலம் முழுக்க அதில் போனது, விற்பனைக்கான சீசனும் அதோடு போனது. நீங்கள் வரைபடம் அனுப்பும்போது அளவுகளுக்குப் பக்கத்தில் "வெல்டிங், ஹீட் ட்ரீட்மெண்ட், பெயிண்ட் மூன்றும் முடிந்த பிறகு இருக்க வேண்டிய அளவு" என்று எழுதுங்கள், பேரிங் உட்காரும் இடங்களை மறைத்துப் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். மிச்சம் 70 சதவீதம் கட்டுவதற்கு முன் மூன்றாம் தரப்பு ஆய்வாளரை அனுப்புங்கள், ஒரு நாள் ஆய்வுக்குச் சில நூறு டாலர்தான். அவர் கையில் ஒரு பிபி பேரிங்கையும் ஒரு ஹெட்செட் பேரிங்கையும் கொடுத்து "இது உட்காருகிறதா பாருங்கள்" என்று சொன்னால் போதும், பெரிய ரிப்போர்ட்டெல்லாம் வேண்டாம். கொரோனா நெருக்கடியில் எனக்கு ஆய்வாளர் தேதி கிடைக்கவில்லை, இப்போது கிடைக்கிறார்கள்.

எல்லாம் தயாராகி விற்க வந்தபோது சந்தை கவிழ்ந்திருந்தது. 2021ல் போட்ட ஆர்டரெல்லாம் ஒரே சமயத்தில் வந்து இறங்கி, 2022 கடைசியிலிருந்து சைக்கிள் உலகம் முழுக்கக் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. பெரிய பிராண்டுகள் ஃபிரேமை 250 டாலருக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் 399க்கு விற்க வந்து நிற்கிறேன். கடைக்காரர்கள் நல்லவர்கள், போனை எடுத்துப் பேசினார்கள், "உன் ஃபிரேம் அழகா இருக்கு, ஆனா எங்க சுவரில் ஆணி அடிக்க இடமில்லை" என்றார்கள். விலைக் கணக்கையும் பாருங்கள். 399 ஃபிரேமைக் கடைக்குக் கொடுத்தால் எனக்கு 270, விநியோகஸ்தர் வழியாகப் போனால் 215. அடக்கம் 198. ப்ராடக்ட் லையபிலிட்டி காப்பீடு (நம் பொருளால் யாருக்காவது அடிபட்டால் ஈடுகட்டுவது) வருஷத்துக்கு 2,900 டாலர், 100 ஃபிரேமுக்குப் பிரித்தால் தலைக்கு 29. ஆக, விநியோகஸ்தரிடம் விற்கும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கையிலிருந்து காசு போகும். காப்பீடு இல்லாமல் ஓட்டலாமா என்று யாரும் கேட்காதீர்கள். ஆள் பறக்கும் பொருளை விற்கிறோம், அது இல்லாமல் ஒரு ஸ்டெம்கூட விற்கக்கூடாது.

இதைவிட ஆழமான ஒரு காரணமும் உண்டு, அது சந்தை நிலவரத்தைச் சேர்ந்ததல்ல. ஸ்ட்ரீட் ஓட்டுகிறவர் கம்பியிலும் கல்லிலும் மோதி ஃபிரேமை நசுக்குவார், பெக் (கம்பியில் சறுக்கச் சக்கர அச்சில் மாட்டும் உருளை) தேயும், ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) உடையும், வருஷா வருஷம் எதையாவது வாங்கியாக வேண்டும். ட்ரெயில்ஸ்காரர் மண்ணில் இறங்குகிறார். பெக் கிடையாது. ஃபிரேம் ஐந்து, ஆறு வருஷம் தாங்கும், டயர்கூட மெதுவாகத்தான் தேயும். நம்மை உயிராக நேசிக்கும் வாடிக்கையாளர்தான், ஆனால் அடுத்த தடவை வாங்க அரை டஜன் வருஷமாகும். எண்ணிக்கையிலும் அவர்கள் குறைவு. ட்ரெயில்ஸ் பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தில் இருக்கிறது, நிலம் கைமாறினால் புல்டோசர் வந்துவிடும், ஒரு ட்ரெயில்ஸ் அழிந்தால் அந்த ஊர் வாடிக்கையாளர்கள் மொத்தமாகப் போனார்கள் என்று அர்த்தம். அதனால் ஃபிரேமை மட்டும் நம்பி ட்ரெயில்ஸ் பிராண்டு நடக்காது. கிரிப், சீட், டி-ஷர்ட், தோண்டும்போது போடுகிற தடித்த கையுறை, இவைதான் வாடகை கட்டும். எனக்கு இன்றுவரை கையைக் கடிக்காமல் லாபம் கொடுத்த ஒரே பொருள் ஒரு முழுக்கை டி-ஷர்ட்.

2023 வசந்தத்தில் வந்ததுதான் மிக மோசமான போன். நியூ யார்க் மாநிலத்தில் ஓட்டும் ஒரு பையன், பதினேழு வயது, சைக்கிளைக் கழுவும்போது டவுன் ட்யூபும் (முன்னாலிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) ஹெட் ட்யூபும் சேரும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிகிறது என்று படம் அனுப்பினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஃபிரேமில் அவன் முந்தின நாள் பறந்த மேட்டின் வீடியோவையும் அனுப்பியிருந்தான், அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. அன்று ராத்திரியே விற்பனையை நிறுத்தினேன். ஃபிரேமை வரவழைத்து, அறுத்துப் பார்த்ததில் வெல்டிங் ஓரத்தில் குழாய்ச் சுவர் அரிக்கப்பட்டுப் பள்ளமாகியிருந்தது, வெல்டர்கள் அண்டர்கட் என்பார்கள், விரிசல் அங்கிருந்து கிளம்பியிருந்தது. கையிருப்பில் இருந்த ஃபிரேம்கள் எல்லாவற்றிலும் சிவப்புச் சாயம் தடவும் டை பெனட்ரண்ட் சோதனை செய்தோம், இன்னும் சிலவற்றில் அதே பள்ளம். இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது: பொருளில் ஆபத்தான குறை இருக்கிறது என்று நம்பக் காரணம் கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லவேண்டும், உறுதியில்லாவிட்டால் விசாரிக்க 10 வேலைநாள் வரை கிடைக்கும். வக்கீலைக் கேட்டுச் சொன்னோம். வாங்கிய ஒவ்வொருவரையும் நானே போனில் கூப்பிட்டேன். அது முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு ஃபிரேமின் பிபிக்கு அடியிலும் வரிசை எண் குத்தியிருந்தது, எந்த எண் யாரிடம் போனது என்று நோட்டில் எழுதியிருந்தேன், கடைகளையும் எழுதச் சொல்லியிருந்தேன். இது ஒன்றைத் தயவுசெய்து விடாதீர்கள், எண்ணும் நோட்டும் இல்லாவிட்டால் அந்த வாரத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன். ஃபாக்டரி பணமாக எதுவும் தரவில்லை, அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம் என்றது. அடுத்த ஆர்டர் நான் போடவில்லை. திருப்பி எடுத்ததும் மாற்றிக் கொடுத்ததும் சேர்த்து 5,000 டாலருக்கு மேல் போனது. அழைத்தவர்களில் ஒருவர்கூடத் திட்டவில்லை. பெரும்பாலானவர்கள் "பரவாயில்லை, சொன்னதுக்கு நன்றி" என்றார்கள், அது எனக்கு அழுகையை வரவழைத்தது.

ஜாம், அதாவது ஓட்டுகிறவர்கள் ஒன்றுகூடும் நிகழ்ச்சி, நடத்துவது பற்றியும் சொல்லவேண்டும், பிராண்டு தொடங்கியதும் எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை அது. பென்சில்வேனியாவில் 1966லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது, நிலத்தைப் பொழுதுபோக்குக்கு இலவசமாகத் திறந்துவிடும் நிலக்காரருக்கு, அங்கே யாராவது அடிபட்டால் வழக்கிலிருந்து பெருமளவு பாதுகாப்புக் கொடுக்கும் சட்டம். கட்டணம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஐந்து டாலர் நுழைவுக் கட்டணம் வைத்து தோண்டும் செலவுக்கு உதவலாம் என்று நல்ல மனசோடு செய்யப்போய் நிலக்காரரை மாட்டிவிடாதீர்கள். கட்டணம் இல்லாமல் நடத்துங்கள், சாப்பாடு நீங்களே வாங்கிக் கொடுங்கள், அதற்கு முந்தின வாரம் ஆள் சேர்த்துத் தோண்டுங்கள். வீடியோவில் இடத்தின் பெயரோ வழியோ தெரிய விடாதீர்கள். மண் சுமந்தவர்களைக் கேட்காமல் அவர்கள் கட்டிய மேட்டைப் படம் எடுத்து விற்கக்கூடாது, அப்படிச் செய்த பிராண்டை இந்த ஆட்கள் பல வருஷம் மறக்க மாட்டார்கள்.

2023 முடிவில் கூட்டிப் பார்த்தபோது 14,000 டாலர் திரும்பவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டிய நம்பரைத் தாண்டவில்லை, அதனால் நிறுத்தவில்லை. இப்போது முறையை மாற்றிவிட்டோம். இங்கேயே ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் வெல்டர் ஒருவர் பத்துப் பத்தாகச் செய்து தருகிறார். அடக்கம் 340 டாலர், விற்பது 520, கடைக்குக் கொடுப்பதில்லை, நேரடியாக மட்டும். விலை அதிகம்தான், ஆனால் வாங்குகிறவர் தன் உயரத்தைச் சொல்லி டாப் ட்யூப் (மேல்குழாய்) 20.75 இன்ச் வேண்டுமா 21.25 வேண்டுமா என்று கேட்டு வாங்கலாம், நான் போய் ஒவ்வொரு வெல்டையும் கண்ணால் பார்க்கலாம், பணம் இரண்டு மாதத்துக்கு மேல் முடங்குவதில்லை. சாம்பிள் கையில் வந்தபோது இருந்த அந்தச் சந்தோஷம் இப்போது ஒவ்வொரு பத்துக்கும் வருகிறது. வருஷத்தில் முப்பது ஃபிரேமுக்கு மேல் போகாது, அதுவே எனக்குப் போதும்.

இப்போது தொடங்குகிறவர்கள் தைவான் விலைதான் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் பாருங்கள். 2025 ஏப்ரலில் தைவான் பொருட்களுக்கு 32 சதவீதம் வரி என்று அறிவித்து, பிறகு 10ல் நிறுத்திவைத்து, ஆகஸ்டில் 20 ஆக்கினார்கள். நீங்கள் முன்பணம் கட்டும் நாளில் இருக்கும் வரியும் சரக்கு துறைமுகத்துக்கு வரும் நாளில் இருக்கும் வரியும் ஒன்றாக இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் விலைப்பட்டியல் கேட்கும்போது தைவானில் ஒன்று, உள்ளூர் வெல்டரிடம் ஒன்று என்று இரண்டு வாங்குங்கள். கப்பல், புரோக்கர், வரி, காப்பீடு, மறு வேலை எல்லாம் ஏற்றி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வரியை இன்றைய விகிதத்தில் ஒரு தடவை, 32ல் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கணக்கு புரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், ஃபோட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.